பச்சைக் காரின் நாலாவது ஆள்

அந்தப் பைய நகத்தாத அம்முணி, இரு, நானே எடுக்கறேன். கனமாக் கெடக்கும், உன்னால ஆகாது. இந்தா, எம்மடியில வெச்சுக்கறேன், நீ உக்காரு. சன்னலோரமே உக்காந்துக்க. எனக்கு வேடிக்கை பாத்து ஆவப்போறது ஒண்ணுமில்ல.

கல்லுதான். ஆமா, பையில இருக்கறது கல்லு. பட்டுச்சேலை கட்டிட்டு ஒருத்தி மடியில கல்லை வெச்சுட்டு பஸ்ஸுல போறாளே, கிறுக்கியான்னு பாக்கற. பாரு, பாரு, நல்லாப் பாரு. கிறுக்கெல்லாம் இல்ல. சொன்னா உனக்கே வவுறு எரியும். நான் நால்ரோட்டுல எறங்கணும். நீ அதுக்கும் அக்கட்டயா? அப்பச் சரி, கேளு.

எங்க அண்ணன் வீட்டு விசேசத்துக்குப் போயிட்டு வர்றேன். கூடப் பொறந்த அண்ணன் இல்ல, பெரியப்பன் மகன். சென்னியப்பன்னு பேரு. அவன் மகன் தருணுக்கு இன்னைக்கு உப்புச்சக்கரை. அதான், நிச்சயம்னு சொல்லுவாங்களே, அது. பொண்ணு வீடு பொள்ளாச்சி. மாப்பிள்ளை எதுல போறாரு தெரியுமா? எங்க அப்பாரு காருல. எங்கப்பனைப் பெத்தவரு ஓட்டுன காரு. ஓட்டுனாருன்னு சொல்லப்படாது, அவரு ஒரு நாளும் ஓட்டுனதில்ல. முன்னாடி சீட்டுல தடியை ஊனிட்டு உக்காந்திருப்பாரு. ஓட்டறதுக்கு மாரப்பன்னு ஒருத்தரு இருந்தாரு.

அந்தக் காரு கதை தெரியாத குஞ்சு குளுவான் எங்க வகையறாவுல கெடையாது. வால்பாறையில தேயிலைத் தோட்டத்துத் தொரை ஒருத்தன் சீமைக்குப் போறப்ப அப்பாருகிட்ட வித்துட்டுப் போனது. பச்சைக் கலரு, நல்லா கரும்பச்சை. எங்க சுத்துப்பட்டுல அன்னைக்கு வேற காரு ஏது? அது வர்ற சத்தம் கேட்டாலே வண்டிக்காரங்க எறங்கி மாட்டைப் புடிச்சுட்டு நின்னுக்குவாங்க. அப்பாருவும் அப்பத்தாளும் காருல அங்க போனாங்க, இங்க போனாங்கன்னு எழவு வீட்டுலயும் அதே பேச்சு, கண்ணால வீட்டுலயும் அதே பேச்சு. பேசறவன் பூராவும் அன்னைக்கு டவுசரில்லாம தோட்டத்துல சுத்திட்டிருந்தவன். கூடப் போனது நானு. நான் ஒருத்திதான்.

நம்ப மாட்டியே? எங்கப்பன் எனக்கு நெனவு தெரியறதுக்கு முன்னாடியே கெணத்து வேலையில செத்துப்போச்சு. எங்கம்மா என்னைய வெச்சுட்டு அந்த வீட்டுலயே இருந்துட்டா. பெரியப்பன் புள்ளைங்க, சித்தப்பன் புள்ளைங்க, அத்தை புள்ளைங்கன்னு வீடு நெறைய பேரன் பேத்தி. அத்தனையும் காரைச் சுத்திக் கையைக் கட்டிட்டு நிக்கும். அப்பாரு ஒண்ணையும் தொட விடமாட்டாரு. "வேலா எங்க? வேலாளைக் கூப்புடு"ம்பாரு. வேலாத்தாங்கறது நாந்தான். கூட்டத்தை விலக்கிட்டு நான் போயி ஏறுவேன் பாரு, அந்தச் சென்னியப்பன் மூஞ்சியை நீ பாக்கணுமே!

பின்னாடி அப்பத்தாளும் நானும். முன்னாடி அப்பாரு, மாரப்பன். நாலு பேரு. நல்ல காரியத்துக்கு மூணு பேராப் போகக்கூடாதுன்னு அப்பாருக்கு ஒரு இது. அது அந்தக் காலத்து மனுசங்களுக்கெல்லாம் இருக்கறதுதான, உங்க வீட்டுலயும் இருக்கும். அதுக்காகத்தான் என்னைய ஏத்துனாருன்னு நெனச்சுப்போடாத. நாலாவது ஆளுக்கா அந்த வீட்டுல பஞ்சம்? பிரியம் அம்முணி. அப்பனில்லாத புள்ளைங்கற பிரியம். மத்ததையெல்லாம் பள்ளிக்கூடத்தைக் கெடுத்துக் கூப்புட மாட்டாரு. எனக்குன்னா மாரப்பன் நேரா கிளாஸு வாசல்ல வந்து நின்னுருவாரு. வாத்தியாரு எந்திரிச்சு, "போம்மா, உங்க அப்பாரு கூப்புடறாரு"ம்பாரு. இப்படிப் போயிப் போயியே மூணாங்கிளாஸு ரெண்டு தடவை படிச்சேன். அவ்வளவு செல்லம்!

நெலம் கெரயம் பண்றதா, வேலா வா. கடைசிச் சித்தப்பனுக்குப் பொண்ணு பாக்கறதா, வேலா வா. போன எடத்துல அவங்க உள்ள போயிருவாங்க. "கொழந்தை காத்தாட வண்டியிலயே இருக்கட்டும்"னு அப்பாரு சொல்லிட்டுப் போவாரு. உள்ள ஒரே சனமா இருக்குமில்ல, நசுங்கிப் போயிருவேன்னு. நான் பாட்டுக்குக் கண்ணாடியில மூக்கை வெச்சுட்டு உக்காந்திருப்பேன். மாரப்பன் வெளிய நின்னு பீடி குடிச்சுட்டு, பந்தியில போட்ட பஜ்ஜியில ரெண்டை எலையில சுத்திட்டு வந்து குடுப்பாரு. ஊரு புள்ளைங்க வந்து காரையும் என்னையும் எட்டிப் பாத்துட்டு ஓடும். ராணியாட்ட இருப்பேன்.

ஒருக்கா என்னைய மறந்துட்டே வந்துட்டாங்க, தெரியுமா? காங்கயம் பக்கம் ஒரு வீட்டுல. ஒண்ணுக்குப் போலாம்னு எறங்கிப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா காரைக் காணோம். போறப்ப தலையை எண்ணி எண்ணி ஏத்துவாரு, வர்றப்ப எண்ணல, என்ன பண்றது? வயசான மனுசன், மறதி. அந்த வீட்டுக்காரங்க பாவம் மறுநாளு பஸ்ஸுல கொண்டாந்து உட்டாங்க. அதைச் சொல்லி அப்பத்தா சாவற வரைக்கும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன்.

எங்கம்மாவா? எங்கம்மா ஒரு நாளும் அதுல ஏறுனதில்ல. அவளுக்குக் காரு சேராது, வாந்தி வரும். என்ன கேக்கற? ஏறுனதே இல்ல, அப்பறம் வாந்தி வரும்னு எப்படித் தெரியும்னா? அப்பத்தா சொல்லுவாங்க. அவங்களுக்குத் தெரியாதா? எங்கம்மாவுக்கு எந்நேரமும் கட்டுத்தரைதான் கதி. மாடு கட்டற எடம், வீட்டுக்குச் சைடுல. அதுலயும் காரு கெளம்பற நேரம் பாத்துத்தான் அவளுக்குச் சாணி அள்ற வேலை வரும். பெத்த மவ பவுடரு போட்டுட்டு, ரிப்பன் கட்டிட்டு காருல போறா, வாசலுக்கு வந்து ஒரு டாட்டா காட்டுவோம்னு இருக்காதா ஒருத்திக்கு? ஒரு நாளு வந்ததில்ல. அந்த ஆத்தரம் எனக்கு இன்னைக்கும் இருக்குது.

அதை விடு. அமராவதி ஆத்துக் கதை சொல்றேன், அதான் முக்கியம். அந்தக் கடைசிச் சித்தப்பனுக்குப் பொண்ணு பாத்துட்டு வர்றோம். தரைப்பாலத்து மேல தண்ணி போகுது. மாரப்பன் வேண்டாங்கறாரு. அப்பாரு கேட்டாத்தான? "உடுடா"ங்கறாரு. நடு ஆத்துல வண்டி நின்னு போச்சு! முழங்காலு தண்ணி. அப்பாரு வேட்டியைத் தூக்கிக் கட்டிட்டு எறங்கிட்டாரு, மாரப்பன் எறங்கிட்டாரு, அப்பத்தாளையும் எறக்கித் தள்ளச் சொல்லிட்டாங்க. ஸ்டேரிங்கைப் புடிக்க ஆளில்ல. "வேலா, முன்னாடி வா! நேராப் புடி, உட்றாத!"ன்னு அப்பாரு கத்தறாரு. எனக்கு என்ன, ஒம்பது வயசு இருக்கும். எக்கிட்டு நின்னு புடிச்சேன் பாரு, கையி ரெண்டும் மரத்துப் போச்சு. கொஞ்சம் அசைஞ்சிருந்தாலும் காரு ஆத்தோட. கரை ஏறுனதும் அப்பாரு வந்து எந் தலையில கையி வெச்சாரு. ஈரக் கையி. இப்பக்கூட உச்சந்தலையில சில்லுனு இருக்குது.

அப்பறந்தான் இந்தக் கெரகம் வந்துச்சு. இந்தக் கல்லு.

எனக்கு ஒருக்கா அம்மை போட்டுருச்சு. அன்னைக்குப் பாத்து அப்பாருக்குத் தோட்டம் ஒண்ணு கெரயம் ஆவுது. அப்பாரு, அப்பத்தா, மாரப்பன், மூணு பேரு. என்ன பண்ணாரு? பொடக்காலியில, துணி தொவைக்கற பக்கம் கெடந்த இந்தக் கல்லை எடுத்தாரச் சொல்லி, பின்சீட்டுல என் எடத்துல வெச்சுட்டுப் போயிட்டாரு. நான் வேப்பிலைக்குள்ள படுத்துட்டு அழுவறேன், "என் எடத்துல கல்லை வெச்சுட்டாங்க, என் எடத்துல கல்லை வெச்சுட்டாங்க"ன்னு. அன்னைக்குன்னு அந்தக் கெரயம் ரொம்ப நாளா இழுத்துட்டுக் கெடந்தது வெண்ணெயாட்ட முடிஞ்சு போச்சு. ராசியான கல்லுன்னுட்டாரு. அன்னைலேர்ந்து எனக்கும் இதுக்கும் ஆகாது.

ஆனாலும் பாதி தடவை நானு, பாதி தடவை அது. அப்பறம் நான் பெரியமனுசி ஆனேன். ஆனதோட போச்சு. "நல்ல காரியத்துக்குப் போறப்ப பாதி வழியில தூரமாயிட்டா என்ன பண்றது? கல்லே வரட்டும்"னு அப்பத்தா சொல்லிட்டாங்க. கல்லு தூரமாகாது, பசிக்குதுங்காது, ஒண்ணுக்கு வருதுன்னும் எறங்காது. ஆனா ஒண்ணு கவனி அம்முணி. அப்பாரு என் எடத்துல வேற எந்தப் பேத்தியையும் உக்கார வெக்கல. எத்தனையோ பேத்தி இருந்தாங்க. ஒருத்தியையும் கூப்புடல. கல்லைத்தான் வெச்சாரு. நான் இல்லாத எடத்துல இன்னொருத்தி வேண்டாம்னு அந்த மனுசன் நெனச்சாரு பாத்தியா, அது ஆருக்கு வரும்?

எங் கண்ணாலத்தன்னைக்கு என்னையும் அவரையும் அந்தக் காருலதான் அனுப்புனாங்க. நாங்க ரெண்டு பேரு, அப்பாரு, மாரப்பன். நாலு ஆயிருச்சு. மாரப்பன் கல்லைத் தூக்கிக் கீழ வெச்சாரு. அன்னைக்கு ஒரு நாளு நாஞ் செயிச்சேன். ஆனா அன்னைக்கும் எங்கம்மா வாசலுக்கு வரல. கண்ணாலம் பண்ணிப் போறேன், ஊரே நின்னு கண்ணைத் தொடைக்குது, பெத்தவளைக் காணோம். வீம்புக்கு நானும் தேடல. நேரா முன்னாடி பாத்துட்டே போயிட்டேன்.

என்ன அம்முணி, வாயைத் தொறந்துட்டு மூடிக்கற? கேக்கணும்னா கேளு.

நாலு பேரு போனப்ப என்னைய கூட்டிட்டுப் போனாங்களான்னா? அதென்ன கேள்வி? நாலு பேரு போனா அப்பறம் எடம் வேண்டாமா? பழனிக்கு? பழனிக்குப் போறப்ப பெரியப்பன் குடும்பம், சித்தப்பன் குடும்பம் எல்லாம் ஒண்ணா ஏறிக்குவாங்க. ஒருத்தர் மடியில ஒருத்தரு, எட்டு ஒம்பது பேரு, டிக்கியில கூட ரெண்டு வாண்டு. நான் போனதில்ல. எடமில்ல. எடமில்லைன்னா இல்லதான! நீ என்ன வக்கீலா? பொட்டாட்ட வாயை மூடிட்டுக் கேளு.

...

என்னமோ கேட்ட போ. இதுவரைக்கும் ஆரும் கேக்காததைக் கேட்ட.

சரி. அப்பாரு போனதுக்கப்பறம் காரு வண்டிக்கொட்டாயில கெடந்துச்சு. கோழி முட்டை வெச்சுச்சு அதுல. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி சென்னியப்பனுக்கு என்ன தோணுச்சோ, கோயமுத்தூருக்கு லாரியில ஏத்திட்டுப் போயிப் புதுசாட்டம் பண்ணிட்டான். அவம் மக ஹரிணி பெங்களூருல இருக்கறா. அவ என் வீட்டுக்கே வந்து போனை முன்னாடி வெச்சு, "அத்தை, கார் கதையெல்லாம் சொல்லுங்க, தருண் நிச்சயத்துக்கு வீடியோ பண்றோம்"ன்னா. நான் ரெண்டு நாளு சொன்னேன் அம்முணி. தொண்டை கட்டிப் போச்சு. போறப்ப கட்டிப் புடிச்சு, "மொதல்ல கார்ல ஏறப்போறது நீங்கதான் அத்தை"ன்னா. நானா கேக்கல. அவதான் சொன்னா.

அதையே நெனச்சுட்டு இருந்தேன். என்ன பெருசா கேட்டேன் நானு? சொத்துக் கேட்டனா? நகை கேட்டனா? ஒருக்கா அந்தப் பின்சீட்டுல உக்காந்து, வீட்டுலேர்ந்து ரோட்டு வரைக்கும் போனாக்கூடப் போதும்னு இருந்துச்சு. இந்தப் பட்டு அதுக்குத்தான் எடுத்துக் கட்டுனது.

காத்தால பந்தல்ல பெரிய டிவி வெச்சிருந்தாங்க. ஒறம்பரை, சொந்தபந்தம் பூராவும் காபி டம்ளரோட உக்காந்திருக்குது. அப்பாரு போட்டோ வருது, அப்பத்தா போட்டோ வருது, காரு வருது. அப்பறம் சென்னியப்பன் வர்றான். பேசறான். "அமராவதி ஆத்துல வண்டி நின்னப்ப எங்க அப்பாரு என்னைத்தான் ஸ்டேரிங்கைப் புடிக்கச் சொன்னாரு. சென்னியா, நேராப் புடிடா, உட்றாதடான்னாரு"ங்கறான்!

நான் டம்ளரைக் கீழ வெச்சுட்டேன். அவன் அன்னைக்கு அங்க எங்க இருந்தான்? அவன் வந்திருந்தா நானு எதுக்கு? கணக்கு வேண்டாமா? எல்லாரும் கையத் தட்டறாங்க. ஹரிணியை ஓரமாக் கூப்புட்டு, "ஏங்கண்ணு, நாஞ் சொன்னதெல்லாம் எங்க?"ன்னேன். "சாரி அத்தை, உங்க வாய்ஸ் கிளியரா வரல, ஒரே காத்துச் சத்தம். அப்பா சொன்னா நல்லாருக்கும்னு மாத்திட்டோம்"னா. காத்துச் சத்தமாம். ரெண்டு நாளு பேசுனது காத்தாப் போச்சு.

போவுது, கதைதான, அவனே வெச்சுக்கட்டும்னு வாயை மூடிட்டேன். எடம் கெடைச்சாப் போதும்னு.

கெளம்பற நேரம் வந்துச்சு. தருணு ஸ்டேரிங்குல உக்காந்துட்டான். சென்னியப்பன் முன்னாடி, அப்பாரு எடத்துல, அப்பாரு தடியோட. அவன் சம்சாரம், நங்கையான்னு கூப்புடுவேன், அவ பின்னாடி ஏறிட்டா. தட்டு வரிசை, மத்த சனமெல்லாம் வேன்ல. நங்கையாளுக்கு அக்கட்ட எடம் சும்மா கெடக்குது. என் பக்கம். நான் அந்தக் கதவுகிட்ட நிக்கறேன். கைப்பிடியில கையும் வெச்சுட்டேன். அதைக் கீழ ஒரு அமுக்கு அமுக்கித்தான் இழுக்கணும், புதுசா வர்றவங்களுக்குத் தெரியாது. எங் கையிக்குத் தெரியுது அம்முணி. இத்தனை வருசம் கழிச்சும் அதுக்குத் தெரியுது.

அப்ப பாத்து எங்க சித்தப்பன், அந்தப் பெரிசு, "ஏப்பா, மூணு பேராவா போறீங்க?"ன்னு சத்தம் போட்டாரு.

சென்னியப்பன் திரும்புனான். என்னையத்தான் பாத்தான். நேரா, கண்ணுக்குக் கண்ணு பாத்தான். நான் சேலையை ஒதுக்கிட்டுக் குனிஞ்சுட்டேன், ஏறறதுக்கு. அவன் சொல்றான், "ஹரிணி, அந்த அப்பாரு கல்லு எங்க? எடுத்தாந்து வெய்யி."

எடுத்தாந்தா. எல்லாம் தயாரா இருந்துச்சு. காரைப் பிரிச்சப்ப சீட்டுக்கடியில கெடைச்சுதாம். கழுவி, மஞ்சப் பூசி, குங்குமம் வெச்சு, ஒரு சிகப்புத் துண்டுல வெச்சிருந்தாங்க. கல்லுக்குப் பொட்டு! நான் கதவுல கை வெச்சுட்டு நிக்கறேன், எங் கையைத் தாண்டி உள்ள வெச்சாங்க. நங்கையா அது சாயாம இருக்கத் தலகாணி ஒண்ணை அண்டக் குடுத்தா.

எனக்கு வெவரம் தெரியாதா? எங்க வீட்டுக்காரரு போயி மூணு வருசம் ஆச்சு. நெத்தியில ஒண்ணுமில்லாதவ மாப்பிள்ளை காருல ஏறலாமா? நானும் சகுனம் பாத்தவதான். எங்க தெருவுல தாலியறுத்த சரோசா எதுக்கால வந்தா வீட்டுக்குள்ள திரும்பிப் போயி ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுத்தான் கெளம்புவேன். ஆனா கல்லு அம்முணி! பொட்டில்லாத என்னைய உட்டுட்டு வேற ஒரு மனுசியை ஏத்துனாங்கன்னா சரின்னு போயிருவேன். நான் நிக்கறப்ப கல்லை ஏத்துறாங்களே!

சின்னப் புள்ளையா இருந்தப்ப நானும் அதுவும் ஒரு வெலை. இப்ப அது என்னையத் தாண்டிப் போயிருச்சு.

ஹரிணி மெதுவா எந் தோளைப் புடிச்சு, "அத்தை, சித்தெ அந்தப் பக்கமா நின்னுக்கறீங்களா? வண்டி எடுக்கறாங்க"ன்னா. நல்ல புள்ளை, கண்ணெல்லாம் கலங்கித்தான் சொன்னா. நகந்துட்டேன். என்ன பண்ணச் சொல்ற? எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டுக் காரு போச்சு.

அப்பறம் என்னையும் வேன்ல ஏத்திக் கூட்டிட்டுப் போனாங்க. வரலைன்னா அதுக்கு ஒரு பேச்சு வரும். பொள்ளாச்சியில மண்டபத்து வாசல்ல எறங்கறேன், வேப்ப மரத்தடியில அந்தக் காரு நிக்குது. எல்லாரும் உள்ள போயிட்டாங்க. மேளம் கேக்குது. பின்சீட்டுல இது மட்டும் உக்காந்திருக்குது, தலகாணியில சாஞ்சுட்டு. கண்ணாடியெல்லாம் ஏத்திக் கெடக்குது. ரெண்டு வாண்டுங்க மூக்கை வெச்சு எட்டிப் பாத்துட்டு ஓடுச்சுங்க.

எனக்கு அழுவையே வந்துருச்சு. எனக்காக இல்ல. என்னமோ அதைப் பாத்து வந்துச்சு. உள்ள பந்தி நடக்குது, இதுக்கு ஒரு பஜ்ஜி கொண்டாந்து குடுக்கக்கூட மாரப்பன் இல்ல. திரும்பிப் போறப்ப இது எதுக்கு அவங்களுக்கு? எண்ணவே மாட்டாங்க.

அமுக்கி இழுத்தேன், கதவு தொறந்துருச்சு. எடுத்துப் பையில போட்டுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துட்டேன். சாப்பிடக்கூட இல்ல. இந்தா பாரு, குங்குமங்கூட அழியல.

தேடுவாங்களா? அட போ. கல்லுக்கா பஞ்சம்? கண்ணாலத்துக்கு வேற ஒண்ணை எடுத்துக் கழுவி வெச்சுக்குவாங்க. இதென்ன சாமியா?

நால்ரோடு வரப்போவுதா? அதுக்குள்ளயா? இரு, இரு. ஒண்ணைச் சொல்லாம உட்டுட்டேன்.

அந்தப் பக்கமா நில்லுங்கன்னு சொன்னாளே ஹரிணி, எங்க போயி நின்னேன் தெரியுமா? கட்டுத்தரை. இப்ப மாடு இல்ல, டைல்ஸ் போட்டு பைக்கு நிறுத்தறாங்க. செவுரு மட்டும் பழைய செவுரு. அதுல ஒரு சந்து. வாசல்ல நின்னாக் காரு முன்பக்கந்தான் தெரியும், திரும்புனதும் மறைஞ்சு போயிரும். அங்க நின்னா அப்படியில்ல அம்முணி. காரு திரும்பி ரோடு ஏறிப் பாலத்தைத் தாண்டற வரைக்கும் அந்தப் பின்னாடிக் கண்ணாடி அப்படியே தெரியுது. உள்ள உக்காந்திருக்கறது நல்லாத் தெரியுது. கல்லுத் தெரிஞ்சுது எனக்கு. சிகப்புத் துண்டோட.

அப்ப எங்கம்மாவுக்கு என் ரிப்பன் தெரிஞ்சிருக்குமில்ல?

சாணி அள்ளவா போனா அவ? ஒவ்வொரு தடவையும் அங்கதான் நின்னிருக்கறா. எங் கண்ணாலத்தன்னைக்கும் அங்கதான் நின்னிருக்கறா, நான் நேரா முன்னாடி பாத்துட்டே போயிருக்கறேன். ஆரும் அவளை வாசலுக்குக் கூப்புடல. நானும் கூப்புடல, எனக்கு ராணியாட்ட உக்கார எடமிருந்துச்சில்ல. அம்மா வரலை, அம்மா வரலைன்னு என் புருசங்கிட்ட, புள்ளைங்ககிட்ட, போற வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லியாச்சு. இப்ப உங்கிட்டயும் சொல்லிட்டேன். அவ செத்து எத்தனை வருசம் ஆவுது, இன்னி ஆருகிட்டப் போயி மாத்திச் சொல்லுவேன்?

கண்டக்டரு விசிலடிச்சுட்டான். வர்றேன் அம்முணி, நான் எறங்கணும். பைய நீ தூக்க வேண்டாம், நானே தூக்கிக்கறேன், எனக்குப் பழகிப் போச்சு.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், செய்யறியா? நான் எறங்கி ரோட்டோரம் நிப்பேன். பஸ்ஸு போறப்ப அந்தப் பின்னாடிக் கண்ணாடியில ஒருக்காத் திரும்பிப் பாரு. கையெல்லாம் காட்ட வேண்டாம். சும்மா திரும்பிப் பாரு, அது போதும்.